சிம்ஸ் 4இல் புடலங்காய்ப் பந்தல், கிணற்றடி, கிடுகு வேலி: எப்படிக் கட்டுவது?

திருக்கடலூர்ப்பிள்ளை எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டில் திருகோணமலையில் இருந்த எங்கள் அம்மம்மாவின் வளவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீடு முடிந்துவிட்டது. முன் விறாந்தை, இரண்டு அறை, பின்னால் தனியாக ஒரு குசினி, அவ்வளவுதான், அதில் பிரச்சினை இல்லை. வீட்டைச் சுற்றி இருந்தவற்றில்தான் நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது அடிப்படை கேம் மட்டும். 2022 ஒக்டோபரில் இலவசமாக்கினார்களே, அது. காசுக்கு விற்கிற மேலதிகப் பக் எதுவும் வாங்கவில்லை. மணலும் பனை மாதிரி மரங்களும் இருப்பதால் கேமில் உள்ள ஒயேசிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 20க்கு 15 கட்டம் காணி ஒன்றை எடுத்தேன். திருக்கடலூர் மண்ணின் நிறத்துக்கு அதுதான் கிட்ட வருகிறது.

எனக்கு வேண்டியது இவைதான். குசினிக் கதவிலிருந்து கிணற்றடி வரை ஒரு புடலங்காய்ப் பந்தல். அம்மம்மா அதற்குக் கீழேதான் அரிசி புடைப்பார், மீன் வெட்டுவார், பின்னேரத்தில் வாங்கைப் போட்டு இருப்பார். உச்சி வெயிலிலும் அங்கே இருக்கலாம். பிறகு கிணறு. துலாக் கிணறு, கட்டு உயரம் இடுப்பளவு. பிறகு கிடுகு வேலி. கோட்டைப் பக்கத்து மான்கள் ரவுணுக்குள் நடந்து திரிவது உங்களுக்குத் தெரியும்தானே. வேலியில் ஒரு பொட்டுக் கிடைத்தாலும் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போய்விடும், ஆகவே அந்த வேலி நல்ல அடைப்பாக இருக்கும். கடைசியாக விறகும் பொச்சும் அடுக்கி வைக்க ஒரு கொட்டில்.

பந்தல் என்று கேமில் ஒரு பொருள் இல்லை. நாலு தூண் வைத்து மேலே கூரை போட்டால் பஸ் தரிப்பிடம் மாதிரி வருகிறது. கூரையை எடுத்தால் வெறும் தூண்கள் நிற்கின்றன. இலை தொங்குகிற, இடையிடையே வானம் தெரிகிற அந்தத் தோற்றத்தை எப்படி எடுப்பது? அந்த வளவில் இப்போது மதிலும் சீமெந்து நிலமும்தான். அம்மம்மாவுக்கு லப்டொப்பில் காட்ட வேண்டும், அதனால் ஓரளவு சரியாக வர வேண்டும்.


தச்சுப்பட்டறை எழுதியது:

தங்கச்சி, நல்ல வேலை ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். எங்கள் அப்பா தச்சர். நானும் பட்டறையில்தான் வேலை, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குக் கொட்டில் அடித்துக் கொடுக்கிறோம். இரவில் சிம்ஸில் கட்டுகிறேன். இரண்டிலும் யோசிக்கிற முறை ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பந்தல் என்ற பொருளைத் தேடாதீர்கள். பந்தலில் எது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தில் கப்பு. கப்பின் தலையில் வளை. வளையின் மேல் குறுக்குத் தடிகள். தடிகளின் மேல் கொடி. அந்தக் கொடியிலிருந்து கீழே தொங்குவது காய். இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் கேமில் அந்த வடிவத்தில் ஏதாவது இருந்தால் போதும், அதன் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கப்பிலிருந்து நேரே கூரைக்குப் போனதால்தான் பஸ் தரிப்பிடம் வந்தது. நடுவில் உள்ள வளையும் தடியும் இல்லை, காற்றுப் போக வழியும் இல்லை.

முதலில் கப்பு. தூண் பட்டியலில் இருப்பதிலேயே மெல்லிய மரத்தூணை எடுங்கள், வெள்ளை நிறம் வேண்டாம். தூண் தானாகவே மேல்தள உயரத்துக்கு நீண்டுகொள்ளும், ஆகவே அந்தத் தளத்தின் சுவர் உயரத்தை ஆகக் குறைந்ததில் வையுங்கள். எங்கள் பந்தல்கள் உயரமானவை இல்லை, கை நீட்டினால் காய் பறிக்கலாம். சுவர் உயரம் ஒரு தளம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் உங்கள் வீடும் சேர்ந்து பதியும். அம்மம்மாவின் வீட்டுக்கு அது இன்னும் பொருத்தமாகவே இருக்கும்.

இனி மேலே. பேஜ் அப் அழுத்தி ஒரு தளம் ஏறுங்கள். தூண்களுக்கு மேலே பந்தலின் அளவுக்கு மரப்பலகைத் தரையைப் போடுங்கள். கீழே சுவர் இல்லாவிட்டாலும் தரை நிற்கும். இப்போது கொன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு கட்டம் நாலு முக்கோணமாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரெதிரான இரண்டு முக்கோணத்தை விட்டு மற்ற இரண்டையும் அழியுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே திசையில் அழிக்க வேண்டும். முடிந்ததும் பக்கத்துக் கட்டங்களின் முக்கோணங்கள் சேர்ந்து வைர வடிவமாகும், இடையில் அதே வடிவத்தில் வானம் தெரியும். இதுதான் உங்கள் வளையும் தடியும்.

கொடிக்கு அதே மேல்தளத்தில் நின்றுகொண்டே செடிகளை வையுங்கள். படர்ந்த, பூ இல்லாத பற்றைகளாகப் பாருங்கள். ஷிஃப்டோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் செடி சிறுக்கும், வலது அடைப்புக்குறி பெருப்பிக்கும். பெரிதும் சிறிதுமாகக் கலந்து வையுங்கள். ஒல்ட் கீயைப் பிடித்தபடி நகர்த்தினால் செடி கட்டத்துக்குள் அடங்காமல் நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும், அதே கீயால் எந்தப் பக்கமும் திருப்பலாம். கொடி வரிசையாக வளராது. வெயில் படுகிற பக்கம் அடர்த்தியாகவும் குசினிச் சுவர்ப் பக்கம் ஐதாகவும் விடுங்கள்.

இதற்கு மூவ் ஒப்ஜெக்ட்ஸ் என்ற சீட், அதாவது கேமின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிற கட்டளை, வேண்டும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்த வருகிற பெட்டியில் பிபி, ஒரு புள்ளி, மூவ்ஒப்ஜெக்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர். இது இருந்தால்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏற விடும். ஒரு பொருளைக் கையில் தூக்கியபடி கொன்ட்ரோலோடு 9 அழுத்தினால் பொருள் மேலே போகும், 0 அழுத்தினால் இறங்கும். பந்தல் ஓரத்தில் தொங்க வேண்டிய செடிகளைக் கீழ்த்தளத்திலிருந்து இப்படி உயர்த்தி, தரையின் விளிம்பை மறையுங்கள். விளிம்பு மறைந்தால்தான் அது பலகை என்று தெரியாது. முழு வேலையிலும் அதிக நேரம் இந்த விளிம்புக்குத்தான் போகும், அவசரப்பட வேண்டாம்.

கொட்டிலுக்கும் இதே யோசனைதான், அங்கே கூரை உண்மையான கூரை. நாலு மூலையிலும் தூண், நீளப் பக்கத்தில் நடுவில் ஒன்று. மேலே ஏறி இரண்டு பக்கமும் சரிகிற முகட்டுக் கூரை. பிறகு தாவாரத்தை வெளியே இழுங்கள். இழுக்க இழுக்கக் கூரை அதே சரிவில் கீழே இறங்கி வரும். ஒரு பக்கத்தை மட்டும் இழுக்க ஷிஃப்டைப் பிடியுங்கள். எங்கள் ஊர்க் கொட்டிலில் குனிந்துதானே உள்ளே போவோம், மார்கழி வாடைக் காற்று மழையை அடித்துக்கொண்டு வரும்போது விறகு நனையாமல் இருப்பது அந்தத் தாழ்ந்த தாவாரத்தால்தான். வாடைப் பக்கத் தாவாரத்தை மற்றதைவிட நீளமாக விடுங்கள். கூரைக்கு மண்ணிற மரச்சீவல் போன்ற மாதிரியை எடுத்தால் தூரத்திலிருந்து கிடுகாகத் தெரியும்.

ஒரு நாள் பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் நடந்து, கிடுகுக் கொட்டில்களைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். கைமரம் தாவாரத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கப்புக்கும் தாவாரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டு வந்தால் கை தானாக அந்த அளவைப் போடும்.

கிணற்றைப் பற்றி வேறு யாரும் சொல்லாவிட்டால் நாளைக்கு எழுதுகிறேன். இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன்: சிம்ஸ் 4இல் ஒரு பொருளைச் சுற்றலாம், உயர்த்தலாம், சிறுப்பிக்கலாம், ஆனால் சாய்க்க முடியாது. ஆகவே துலா மரம் சரிந்து நிற்கிற அந்தக் கோணம் வராது.


கிண்ணியா நானா எழுதியது:

தச்சுப்பட்டறைத் தம்பி சொன்ன முக்கோண வேலை அருமை. நான் கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் எனக்கு விருப்பம்.

தங்கச்சி, வட்டம்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் சதுரம்தானே. அம்மம்மாவின் கிணறு வட்டம் என்றால் எட்டுப் பக்கமாகக் கட்டுங்கள், சின்ன அளவில் கண்ணுக்கு வட்டமாகவே படும். மூன்றுக்கு மூன்று கட்டம் எடுத்து, நாலு மூலையையும் குறுக்காக வெட்டி, அரைச்சுவரால் சுற்றுங்கள். அரைச்சுவரில் பல உயரம் இருக்கிறது. உங்கள் சிம்மை, அதாவது கேமில் நடமாடுகிற ஆளை, பக்கத்தில் நிறுத்தி இடுப்புக்கு எது வருகிறதோ அதை எடுங்கள். சுவருக்குப் போடுகிற மாதிரி எதையும் அரைச்சுவரின் இரண்டு பக்கத்துக்கும் பூசலாம் என்பதால் வெளியே சீமெந்துச் சாம்பல் நிறம், உள்ளே கல்.

நடுக்கட்டத்தில் நீச்சல் குளம் போடுங்கள். ஒரு கட்டம் போதும். குளத்தின் சுவருக்கும் அடிக்கும் இருப்பதிலேயே கறுப்பான டைலைக் கொடுத்தால் மேலே நின்று பார்க்கும்போது ஆழம் தெரியும். சுற்றிவர அரைச்சுவர் அடைத்து நிற்பதால் சிம் யாரும் அதற்குள் இறங்கப் போவதில்லை.

துலாவுக்குப் பதிலாகக் கப்பிக் கிணறாக மாற்றலாம். கட்டின் இரண்டு பக்கமும் பந்தலுக்கு வைத்த அதே மெல்லிய தூண், மேலே ஒரு கட்டம் அகலத்தில் கூரைத்துண்டு, சரிவை ஆகக் குறைத்து, தாவாரத்தை உள்ளே தள்ளிவிடுங்கள். வாளிக்கு ஒரு சின்னப் பூச்சட்டியைச் சிறுப்பித்து, கொன்ட்ரோல் 9ஆல் உயர்த்தி, கிணற்றுக்கட்டின் மேல் வையுங்கள். ரொமான்டிக் கார்டன் என்ற பக்கில் ஒரு கிணறு இருக்கிறது, ஆனால் அது வேண்டுதல் கிணறு, அலங்காரம் கூடியது. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

கிணற்றடியை மறந்துவிடாதீர்கள். கிணறு மட்டும் மணலில் நின்றால் பொய்யாக இருக்கும். சுற்றிவர ஒரு கட்டம் சீமெந்துத் தரை, அதன் ஒரு மூலையிலிருந்து வாழைப் பாத்திக்குத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். வாய்க்காலுக்குத் தரை வேண்டாம், நிலத்துக்கு நிறம் பூசுகிற டெரெய்ன் பெயின்டில் மென்மையான பிரஷ்ஷை ஆகச் சின்னதாக எடுத்து, ஈரமண் நிறத்தில் கொஞ்சம் வளைத்துக் கீறுங்கள். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் புல் பச்சை. தண்ணீர் போகிற இடத்தில்தான் எங்கள் மணலில் பச்சை இருக்கும்.

புடலங்காய்க்கும் ஒரு வழி சொல்கிறேன். கேமில் அப்படி ஒரு காய் இல்லை. ஒடுங்கிய உயரமான பூச்சாடி ஒன்றைப் பச்சை நிறத்தில் தேர்ந்தெடுத்து, சிறுப்பித்து, பந்தலுக்குக் கீழே கொன்ட்ரோல் 9ஆல் தலை இலைக்குள் மறையும் வரை ஏற்றுங்கள். மூன்று நாலு போதும், ஒரே உயரத்தில் தொங்கக் கூடாது. அடியில் கல்லுக் கட்டி நேராக்குவோமே, அந்த ஆசைக்கு ஒன்றின் கீழே சின்னக் கல்லையும் உயர்த்தலாம்.


திருக்கடலூர்ப்பிள்ளை எழுதியது:

நானா, பூச்சாடி யோசனை எனக்கு வந்திருக்கவே வராது! இலைக்குள்ளிருந்து தொங்கவிட்டதும் புடலங்காய் என்று தம்பி தானாகவே சொன்னான். கல்லும் கட்டியாயிற்று.

தச்சுப்பட்டறை அண்ணா, வைர வடிவ இடைவெளி நன்றாக வந்தது. வீட்டின் சுவர் உயரம் குறைந்ததும் வீடே எங்கள் வீடு மாதிரி ஆகிவிட்டது. வாடைப் பக்கத் தாவாரத்தை நீட்டியது பற்றி அம்மாவிடம் சொன்னேன், அங்கே உரலும் இருந்தது என்றார். உரலுக்கு இன்னும் ஏதாவது தேடுகிறேன்.

இரண்டு கேள்வி. வேலியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. மற்றது, பந்தலுக்குக் கீழே வைத்த வாங்கில் என் சிம் போய் இருக்கவே மாட்டேன் என்கிறார். கையை ஆட்டிக் கத்துகிறார்.


நிலாவெளி அக்கா எழுதியது:

பிள்ளை, வாங்குப் பிரச்சினைக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அம்மம்மா அந்த வாங்கில் இருக்காவிட்டால் இவ்வளவு கட்டியும் என்ன.

மூவ் ஒப்ஜெக்ட்ஸ் போட்டால் பொருட்கள் ஒன்றுக்குள் ஒன்று போக விடும், ஆனால் சிம் நடக்கிற கணக்கு மாறாது. ஒவ்வொரு பொருளுக்கும் நிலத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும், அதற்குள் சிம் கால் வைக்காது. நீங்கள் பந்தல் ஓரத்தை மறைக்கக் கீழ்த்தளத்திலிருந்து உயர்த்திய செடிகள் அந்தரத்தில் தொங்கினாலும், அவற்றின் இடம் நிலத்தில் அப்படியே இருக்கலாம். வாங்கின் முன்பக்கத்தில் அப்படியான செடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மேல்தளத்துக்கு மாற்றுங்கள். வாங்குக்கு முன்னால் ஒரு கட்டம் முழுதாக வெறுமையாக இருக்கட்டும். குசினிக் கதவிலிருந்து கிணற்றடி வரை ஒரு கட்டம் அகலத்தில் பாதை விட்டுவிட்டால் வேறு சிக்கல் வராது. பாத்திகளுக்கும் அப்படித்தான், ஒரு பக்கமாவது சிம் போய் நிற்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்ற முடியாமல் செடி வாடிவிடும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் லைவ் மோடுக்கு, அதாவது கட்டுவதை விட்டு விளையாடுகிற நிலைக்குப் போய் சிம்மை நடக்க விட்டுப் பாருங்கள். எல்லாம் கட்டி முடித்த பிறகு தேடினால் எந்தச் செடி மறிக்கிறது என்று கண்டுபிடிக்க நாள் போகும்.

வேலிக்கு, கேமில் இருக்கிற மரவேலிகள் எல்லாம் சீராக வெட்டிய பலகை. கிடுகுக்கு அது சரிவராது. நானா கிணற்றுக்குச் சொன்ன அரைச்சுவரையே இங்கேயும் எடுங்கள், இருப்பதில் உயரமானது. மூங்கில் அல்லது கீற்று மாதிரி தெரிகிற சுவர் மாதிரியைப் பூசுங்கள். வீதிப் பக்கத்துக்கு வெளிறிய நிறம், உள்பக்கத்துக்குக் கொஞ்சம் கறுத்தது. வெயில் படுகிற பக்கக் கிடுகு சாம்பல் பூத்துவிடும், உள்ளே பழுப்பு அப்படியே இருக்கும். கேற் வருகிற இடத்தில் அரைச்சுவரை நிறுத்தி, கேற்றோடு சேருகிற வேலியைப் போடுங்கள்.

பிறகு கதியால். இதை விட்டால் அது மதில், வேலி ஆகாது. இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒரு சின்ன மரத்தை நன்றாகச் சிறுப்பித்து, ஒல்ட் பிடித்து வேலியோடு ஒட்ட வையுங்கள். பூவரசும் கிளுவையும் தழைத்து நிற்கும் இடத்தில் இலை அடர்ந்த மரம், மற்ற இடத்தில் மெல்லியது. தேடல் பெட்டியில் டிபக் என்று அடித்தால் மறைந்திருக்கிற பொருட்கள் வரும், அதற்கு ஷோ ஹிடன் ஒப்ஜெக்ட்ஸ் சீட்டும், மரங்களுக்கு ஷோ லைவ் எடிட் ஒப்ஜெக்ட்ஸ் சீட்டும் போட வேண்டும். ஊரின் தெருவில் நிற்கிற மரங்கள், காய்ந்த புற்கள், கற்கள் எல்லாம் அதில் கிடைக்கும், காசும் இல்லை. வேலியின் அடியில் காய்ந்த புல்லைத் தொட்டுத் தொட்டு வையுங்கள்.


தச்சுப்பட்டறை எழுதியது:

அக்கா சொன்ன கதியால் விஷயம் மிகச் சரி.

தங்கச்சி, உரலுக்கு ஒரு வழி: வட்டமான கல் பூச்சட்டிகளில் செடி இல்லாத ஒன்றைப் பாருங்கள். உலக்கைக்குத் தாவாரத்தின் கீழ் ஒரு மெல்லிய தூணே போதும், சுவரோடு ஒட்டி வைத்தால் சாய்க்க முடியாத குறையும் தெரியாது.

இன்னொன்று, முன் விறாந்தைக்குப் பக்கத்தில் திண்ணை இருந்ததா? இருந்தால் பிளட்போம் கருவியால் எழுப்புங்கள். அது 2020 நவம்பரில்தான் கேமுக்குள் வந்தது, அதற்கு முந்திய வீடியோக்களைப் பார்த்தால் பொருட்களை அடுக்கிச் சுற்றிவளைத்துச் செய்வார்கள். இப்போது வீட்டின் அத்திவாரத்தைத் தொடாமலே வேண்டிய இடத்தை மட்டும் உயர்த்தலாம். ஆகத் தாழ்ந்த உயரம் என்றால் படியும் தேவையில்லை, சிம் தானாகவே கால் வைத்து ஏறும். கொட்டிலுக்கு அடியிலும் அதே தாழ்ந்த உயரத்தைப் போட்டு மண்ணிறம் கொடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் மண் அணைத்திருப்போமே, அது.


திருக்கடலூர்ப்பிள்ளை எழுதியது:

திண்ணை இருந்தது அண்ணா, வீதிப் பக்கம். இன்றைக்கே போடுகிறேன். அக்கா, வாங்குக்கு முன்னால் நின்ற செடியை மேல்தளத்துக்கு மாற்றினேன், சிம் இப்போது போய் இருக்கிறார்.

பந்தலையும் கிணற்றையும் நீங்களும் பார்க்கிற மாதிரி கட்டியதை மற்றவர்களோடு பகிர்கிற கேமின் கலரியில் போட விருப்பம். உயர்த்தி வைத்ததெல்லாம் அப்படியே வருமா?


நிலாவெளி அக்கா எழுதியது:

வரும், ஆனால் எடுத்து வைக்கிறவரும் தன் கேமில் மூவ் ஒப்ஜெக்ட்ஸ் போட்ட பிறகுதான் காணியை வைக்க வேண்டும். போடாமல் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று போன பொருட்கள் விடுபட்டுவிடும், பந்தலில் பாதி இலை இருக்காது. விபரக் குறிப்பின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள். அறையாகச் சேமிக்க வேண்டாம், முழுக் காணியாகப் போடுங்கள். பந்தல் வெளியில் நிற்பதால் அறை என்று பிடிபடாது.

ஏற்றும் முன் டொகுமென்ட்ஸுக்குள் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அதற்குள் சிம்ஸ் 4, அதற்குள் ட்ரே என்ற ஃபோல்டரைப் பென்ரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் நூலகத்தில் சேமித்த கட்டடங்கள் அதில்தான் இருக்கும். லப்டொப் பழுதானாலும் அம்மம்மாவின் வளவு தப்பிவிடும்.